மகளுக்காகப் பூட்டிய கிராபிக்ஸ் கார்ட்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ரொறன்ரோவில் கோப்பை கழுவத் தொடங்கி, தொண்ணூறுகளின் கடைசியில் நகரின் ஓரத்து மில்லிக்கனில் சொந்த வீடும் சொந்தமாக ஒரு கிளீனிங் கொம்பனியும் வைத்திருந்தேன். யாரும் கை தூக்கிவிடவில்லை. அதை எங்கும் சொல்வேன்.

மனைவி காலமான பிறகு அந்தப் பெரிய வீட்டில் நானும் மகளும்தான். அவளும் கட்டடக்கலை படிக்க வேறு நகரத்துக்குப் போனாள். முதலில் வார இறுதிகளில் வந்தாள். பிறகு அதுவும் நின்றது. போனில் கேட்டால் காரணம் சொன்னாள்.

“அப்பா, எங்கட வீட்டுக் கொம்பியூட்டரில நான் வரையிற கட்டடங்கள் அசையுதே இல்லை. ஒருக்காச் சுத்திப் பாக்கிறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிடும். நான் இங்க கம்பஸ் லாப்பில செய்யிறன்.”

கொம்பியூட்டர்தான் காரணம் என்றால் அதைத் திருத்த எனக்குத் தெரியாதா? நேரே கடைக்குப் போனேன்.

“அண்ணை, உங்கட பெட்டியில படம் காட்டுற வேலையும் மதர்போர்ட்டோடயே சேந்திருக்கு. அதுக்கெண்டு மெமரி இல்லை, பெட்டியின்ர மெமரியிலதான் பங்கு எடுக்குது. தனிக் கார்ட் எண்டால் மெமரி அதுக்கே சொந்தம்” என்றார் கடைக்காரர்.

உடனே விளங்கிவிட்டது. வந்த புதிதில் நாங்கள் பலர் தங்கிய பேஸ்மென்ட்டில் எல்லோருக்கும் ஒரே அடுப்பு. ஒருவன் சோறு வடிக்கும்வரை மற்றவன் கறிச்சட்டியோடு நிற்க வேண்டும்.

“இருக்கிறதில நல்லதைத் தாரும்.”

“பூட்ட ஆள் அனுப்பட்டே அண்ணை?”

“எனக்கோ? உம்மட கடையையே கழட்டிப் பூட்டுவன்!”

பெட்டியைத் திறந்து கார்டைப் பூட்டினேன். திரை கறுப்பாகவே கிடந்தது. மகளுக்குப் போன் எடுத்தேன்.

“விடுங்கோப்பா, சனிக்கிழமை வந்து பாக்கிறன்.”

நெஞ்சு குளிர்ந்தது. என்ன மீன் வாங்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். அதற்குள் அவள், “பொறுங்கோ, மொனிட்டர் வயரை எதில கொழுவினீங்கள்? பழைய இடத்திலயோ?” என்றாள்.

பின்னால் எட்டிப் பார்த்தேன். பழைய இடத்தில்தான். கழற்றிப் புதுக் கார்டில் கொழுவினேன். படம் பளிச்சென்று வந்தது.

“வந்திட்டுது! பாத்தியே, உன்ர அப்பர் ஒருத்தற்ற உதவியும் இல்லாமல் பூட்டிப்போட்டார்!”

அவள் சிரித்தாள். “கெட்டிக்காரன்தான். அப்ப நான் இந்தக் கிழமை வரேல்லையப்பா. இங்க குறூப் வேலை ஒண்டு கிடக்கு.”

உனக்காகத்தானே பிள்ளை பூட்டினேன், வேலையை இங்கே கொண்டு வா என்று வாய்வரை வந்தது. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத வாய்.

“ஓம், ஓம், நீ படி. எனக்கும் இஞ்ச தலைக்கு மேல வேலை” என்றேன்.

போனை வைத்துவிட்டு, அவள் கொம்பியூட்டரில் விட்டுப்போன கட்டடம் ஒன்றைத் திரையில் திறந்தேன். மவுஸை இழுக்க இழுக்கத் தடங்கல் இல்லாமல் சுழன்றது. முன்பக்கம், பின்பக்கம், கூரை எல்லாம் பார்த்தேன். நல்ல கார்ட்தான்.