பசித்தால் தின்னும் என்று சொன்னேன்

1. முதல் நாள், முதல் கிளி

மூதூரில் அரசாங்க மிருக வைத்தியராக இருந்த இருபத்தாறு வருடமும் நான் பார்த்தது மாடு, எருமை, ஆடு. ஓய்வு பெற்றதும் திருகோணமலையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கிளினிக் திறந்தேன். நாயும் பூனையும் வரும் என்று காத்திருந்தால், முதல் நாள் முதலாவதாக வந்தது ஒரு சாம்பல் கிளி.

கொண்டுவந்தவர் சிவபாலன். துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் டக் போட்டில் எஞ்சின் பார்ப்பவர். பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் அவரும் மனைவி தவமணியும் கப்டனும்தான். கப்டன் என்பது கிளியின் பெயர். இறகு மங்கிப்போயிருக்கிறது, சொண்டைச் சுற்றித் தோல் உரிகிறது என்றார்.

என்ன சாப்பாடு என்று கேட்டேன். சூரியகாந்தி விதை, காலையில் தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட், பின்னேரம் முறுக்கு என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. விதையில் கொழுப்புத்தான் கூட, விற்றமின் ஏ இல்லை, முறுக்கில் உப்பு, தேத்தண்ணி கிளிக்கு நஞ்சு என்று ஒரு பாட்டம் பொழிந்தேன். கரட், பூசணி, முருங்கையிலை, முளைகட்டிய பயறு என்று துண்டில் எழுதிக் கொடுத்தேன். வெண்ணெய்ப்பழமும் சொக்லேட்டும் கண்ணிலும் காட்டக்கூடாது என்று கீழே கோடு போட்டேன். இன்றிலிருந்து விதை இல்லை என்றும் சொன்னேன். எழுதியதில் ஒரு சாமானும் பிழையில்லை. ஆனால் கிளியை நிறுத்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் சிவபாலன் போன் எடுத்தார். கப்டன் கரட்டைத் தூக்கி எறிகிறானாம், பூசணியைக் கண்டால் பின்னுக்குப் போகிறானாம்.

"பசிச்சால் தின்னும்," என்றேன்.

"புலி பசிச்சாலும் புல்லுத் தின்னாது எண்டு சொல்லுவினம், டொக்டர்."

"அது புலி. இது கிளி."

என் பகிடிக்கு நானே சிரித்தேன். அவரும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு வைத்தார்.

2. ஐந்தாம் நாள்

ஐந்தாம் நாள் காலை சிவபாலனும் தவமணியும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். கப்டன் கூட்டின் அடியில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு இருந்தான். நெஞ்சைத் தடவினேன். எலும்பு கத்தி மாதிரிக் கையில் பட்டது. தவமணி அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவபாலன் சொன்னது ஒன்றுதான். "நீங்கள் சொன்னபடிதான் செய்தனான், டொக்டர். ஒரு விதைகூடக் குடுக்கேல்லை."

கிளியைப் பல்ப் சூட்டில் வைத்துவிட்டு, கொழும்பில் பறவை வைத்தியம் பார்க்கும் என் பட்ச்மேட்டுக்குப் போன் எடுத்தேன். அவள் ஏசிய ஏச்சை இங்கே எழுத ஏலாது. சாரம் இதுதான்: விதை மட்டும் தின்று வளர்ந்த கிளிக்குக் கரட் சாப்பாடு என்றே தெரியாது. முன்னால் குவித்து வைத்தாலும் பட்டினி கிடந்து செத்துப்போகும். மாட்டுக்குப் புதுத் தீவனம் பழக்கிய புத்தியை நான் கிளிக்குப் பாவித்திருக்கிறேன்.

அவள் சொல்லச் சொல்ல, கரைத்த சாப்பாட்டைக் குழாயால் மெல்ல உள்ளே விட்டேன். பின்னேரம் கப்டன் தலையைத் தூக்கினான். நான் கையில் நீட்டிய சூரியகாந்தி விதையை வாங்கி உடைத்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டேன். பிறகு அவர்கள் இருவரிடமும், பிழை என்னுடையது என்று சொன்னேன். அரசாங்க உத்தியோகத்தில் நான் ஒருநாளும் சொல்லாத வசனம் அது.

3. கப்டனின் பந்தி

பிறகு முறையாகச் செய்தோம். தவமணி தினமும் காலையில் குசினித் தராசில் கப்டனை நிறுத்து எனக்குச் சொல்லுவார். விதைக்குள் கரட்டைத் தூளாகச் சீவிக் கலந்தோம். நிறை இறங்காவிட்டால் மட்டும் விதையில் ஒரு சிட்டிகை குறைப்பு. கிளி கூட்டமாகத் தின்னும் சீவன், வீட்டார் தின்பதைத்தான் நம்பித் தின்னும் என்பதால், சிவபாலன் கூட்டுக்கு முன்னால் இருந்து அவித்த பூசணியைச் சாப்பிட வேண்டும் என்றேன். மனுசன் முகம் சுருங்கியது. மீனும் சோறும் தவிர வேறொன்றும் தொடாதவராம். ஆனாலும் சாப்பிட்டார், "ம்ம், நல்லாயிருக்கு" என்று கப்டனுக்குக் கேட்கும்படி பொய்யும் சொல்லிக்கொண்டு. பதினாறாம் நாள் கப்டன் அவர் கையிலிருந்த துண்டைப் பறித்துத் தின்றான்.

இப்போது என் கிளினிக்குக்குக் கிளிகள் நிறைய வருகின்றன, தைரியமாகவே பார்க்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் வைத்தியர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது. சொன்னபடி செய்வதில்லை என்று ஆட்களைக் குறை சொல்லாத வைத்தியர் இல்லை, நானும் சொல்லியிருக்கிறேன். அன்று வேறு யாராவது என்றால் எனக்குத் தெரியாமல் நாலு விதை போட்டிருப்பார்கள், கிளியும் பிழைத்திருக்கும். சிவபாலன் என்னை முழுதாக நம்பினார். அதனால்தான் அவருடைய கிளி சாகப் பார்த்தது.