மதுரை போய் வந்த பிறகு

மதுரை ஆஸ்பத்திரியில் என் இடது மார்பை எடுத்துவிட்டுத்தான் என்னைப் பிழைக்க வைத்தார்கள். அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. மாட்டுவண்டியில் போடிக்குத் திரும்பிய அன்று தெருவே கூடி நின்றது. நோய்தான் போயிருச்சே, இனி என்ன கவலை என்றார்கள். வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர் ஒருவருமில்லை.

புண் ஆற எட்டு மாதம் ஆயிற்று. அதன் பிறகும் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. என் புருஷன்தான் தலை வாரிப் பின்னிவிட்டார். சடை கோணலாக இருக்கும். தண்ணீர்த் துறையில் பார்த்துச் சிரிப்பார்கள்.

வீட்டில் சமையலைப் பார்த்துக்கொண்டது என் நாத்தனார், புருஷனின் அக்கா. புற்று ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தனிச்சட்டி ஒதுக்கினார். என் மகளை என் பக்கத்தில் படுக்க விடவில்லை. ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னதைப் பலமுறை சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

மறு வருஷம் குரங்கணிக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போனேன். காய் செடியின் தூரில், தரையோடு கிடக்கும். கையைத் தூக்க வேண்டியதில்லை. மற்றப் பெண்கள் தள்ளியே உட்கார்ந்தார்கள். கூடை நிறையாத நாளில் பாவம், சீக்காளி என்பார்கள். நிறைந்த நாளில், இவளுக்கு என்ன நோய் வந்தது, எல்லாம் நடிப்பு என்பார்கள்.

மூன்றாம் வருஷம் ஒரு மத்தியானம் நாத்தனார் கதவைச் சாத்திவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

“அதைக் காட்டு தாயி.”

சேலையை விலக்கினேன். தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்தார். உள்ளே கல் மாதிரி ஒரு கட்டி.

“எம்புட்டு நாளா மதினி?”

“நீ மதுரைக்குப் போய்ட்டு வந்த வருசத்துலருந்து.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு பயம் வந்தது. உடனே வண்டி கட்டலாம் என்றேன். அவர் அசையவில்லை.

“ஒன்னைய நாங்க என்ன பாடு படுத்துனோம்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பாடு படுறதுக்கு நான் செத்தே போறேன்.”

கெஞ்சி அழைத்துப் போக ஒரு மாதம் ஆயிற்று. அக்குள்வரை பரவிவிட்டது, இனிக் கத்தி வைத்துப் பயனில்லை என்றார்கள். ஏழு மாதம் நான்தான் புண்ணைக் கழுவிக் கட்டினேன். இழவு வீட்டில், கடைசியில் இவள் ஒட்டவைத்துவிட்டாள் என்று என் காதுபடவே பேசினார்கள்.

காரியம் முடிந்ததும் மகளை மட்டும் தனியே கூப்பிட்டு, உடம்பில் கட்டி எதுவும் தட்டுப்பட்டால் அன்றைக்கே சொல்லிவிடு என்றேன். தலையாட்டினாள். சொல்வாளா என்பதுதான் தெரியவில்லை.