வசந்தாவின் வளையம்

தையல் தொழிலில் ஊசி குத்தினால் இரண்டு நாளில் ஆறிவிடும். பழகியவளிடம் இருக்கும் கருவி கண்ணைக் குத்தினால் ஆறவே ஆறாது. வீட்டு மெஷினில் பூப்பூவாக வளைத்து, பஞ்சு வைத்த ரஜாய்ப் போர்வை தைத்துப் பார்த்த சகோதரிகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விரல் தொப்பி

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை, பெஹாலாவில் வீடு. ஊசிக்கு அடியிலுள்ள மெஷின் பல் துணியை நேராகத்தான் இழுக்கும், பூ வளையாது. அதனால் பல்லின் மேல் பழைய கல்யாணப் பத்திரிகையை ஒட்டி மூடிவிட்டு, துணியை நானே கையால் சுற்றிச் சுற்றித் தள்ளுவேன். கை வழுக்கும். ஆபீசில் ஃபைல் புரட்ட மாட்டிக்கொள்ளும் ரப்பர் உறைகளை அவரிடம் கேட்டு வாங்கி, பத்து விரலிலும் மாட்டிக்கொண்டேன். என் முதல் வாடிக்கைக்காரி, பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி மித்ரா பௌதி, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன தீதி, விரலுக்கும் மங்கி கேப்பா? குளிர் இன்னும் வரலையே!"

கொலுவில் வந்த வினை

வசந்தா ஊரின் மறுகோடியில், சால்ட் லேக்கில் இருக்கிறாள்; அவளும் ரஜாய் தைத்துக் கொடுக்கிறாள். மெஷினில் நூல் கோக்கவே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து ஒரு வளையம் கொண்டுவந்தார். அடியில் ரப்பர், மேலே இரண்டு குமிழ். துணிமேல் அழுத்திப் பிடித்துக் காரோட்டுவது போல் திருப்பினால் போதும், துணி வழுக்காமல் வளையும். கொலுவுக்குப் போன எங்களுக்குச் சுண்டலோடு அதையும் காட்டினாள். வாய் "ரொம்ப நல்லா இருக்குடி" என்றது. வயிறு பற்றி எரிந்தது. ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமா என்றேன்.

"உங்களுக்கு எதுக்குக்கா இதெல்லாம்? உங்க கையே போதுமே!"

நானும் செய்தேன் ஒன்று

அவளிடம் இருந்தால் என்ன, எனக்குச் செய்துகொள்ளத் தெரியாதா? எம்பிராய்டரி வளையத்தின் அடியில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டி, அலமாரி இழுப்பறையின் குமிழ் இரண்டைக் கழற்றி மேலே பொருத்தினேன். பிடி என்னவோ பிரமாதம். வெள்ளைத் துணியில்தான் பூவுக்குப் பூ கறுப்பு வட்டம். மூன்று தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. வீட்டுக்காரர் விரித்துப் பார்த்தார்.

"ஏம்மா, இதுமேல மினிபஸ் ஏதாவது ஏறிடுச்சா?"

இரண்டு மாதிரி

மித்ரா பௌதியின் மகள் வயிற்றுப் பேரனுக்கு அன்னப்ராஷன் வந்தது. முதல் சோறூட்டும் அந்த நாளில் குழந்தைக்குப் போர்த்த ஒரு குட்டி ரஜாய் வேண்டுமாம். என்னிடமும் வசந்தாவிடமும் ஒவ்வொரு மாதிரித் துண்டு கேட்டாள். என் முதல் வாடிக்கை, அதுவும் பக்கத்து வீடு, கைநழுவிப் போவதா? வெட்கத்தை விட்டு சால்ட் லேக்குக்கு பஸ் ஏறினேன். மணிக்கட்டு வலி என்று பொய் சொல்லி வளையத்தை இரவல் கேட்டேன். வசந்தா தன் துண்டை முடித்துவிட்டிருந்தாள்; மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். தடவிக்கொள்ளத் தைலமும் கொடுத்தாள். அந்தத் தைலம் வாங்கும்போதுதான் எனக்குக் கொஞ்சம் குத்தியது.

தைத்தேன். பூ ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி வந்தது. பௌதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு துண்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"வாஹ், தீதி, வாஹ்! ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அப்போ வசந்தாகிட்டயே கொடுத்துடறேன், என் பொண்ணு வீடு சால்ட் லேக்லதானே இருக்கு!"

வளையத்தை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வயிற்றெரிச்சலை மட்டும் இன்னும் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.