சாஸ் வடிகட்டிய துண்டு

போடியில் நான் சொல்வதை யாரும் முதல் தடவையே நம்ப மாட்டார்கள். ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் இல்லாத நேரத்தில் வாய் மட்டும்தான் ஓடும். ஓடவிட்டு ஓடவிட்டுப் பழகிப்போயிற்று. முந்தல் செக்போஸ்ட்டில் யானை நிற்கிறது என்று ஒருநாள் காலையில் போனில் சொல்லி, என் சேக்காளி ஒருவனை அரைமணி நேரம் ஜீப்போடு ரோட்டோரம் நிறுத்தியிருக்கிறேன். அவனும் வண்டியிலிருந்த பன்னிரண்டு கூலிப் பெண்களும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்களாம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தேன். இப்போது அந்தக் கதையை நான் யாரிடமும் எடுப்பதில்லை.

அவன் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றுகிறவன். அவன் தெருவில் ஜீப் நுழையாது என்பதால் என் வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில்தான் நிறுத்துவான். காலை ஆறு மணிக்கு அங்கிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறிப் போடிமெட்டு தாண்டிப் போவான். ஒருகாலத்தில் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தவன். விட்டு இரண்டு வருடமாகியிருந்தது. விட்ட பிறகுதான் அந்தப் பெண்கள் அவன் ஜீப்பில் ஏறினார்கள். அவர்களில் மூத்த அக்கா ஒருவர், “இவன் வண்டியிலதான்டி வளைவுல கண்ண மூடித் தூங்க முடியுது” என்று மற்றவர்களைக் கூட்டி வந்தார். அந்த ஒரு வாக்கியத்தை அவன் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று கணக்கே இல்லை.

இனி என் மிளகாய். மேலே தோட்டத்தில் வேலை செய்யும் அசாம்காரர் ஒருவர் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது காகிதத்தில் மடித்துக் கொஞ்சம் விதை கொடுத்தார். இரண்டு விரலைக் காட்டி, காதைப் பிடித்து, தலையை ஆட்டினார். மிகவும் ருசியாக இருக்கும் என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மொட்டை மாடியில் சிமெண்டுச் சாக்கில் மண் நிரப்பி நட்டேன். ஆறு செடி பிழைத்தது. பழம் சுருங்கிப்போன கிழவர் முகம் மாதிரி இருந்தது. நிறம் மட்டும் கல்யாண வீட்டுப் புடவை. ஒரு பழத்தைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்த அன்று, தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு என் வீட்டுக்காரியிடம் வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணைச் சொன்னேன். அவள் பொறுமையாக எழுதிக்கொண்டு, அப்புறம்தான் மோர் கொண்டு வந்தாள்.

அடங்கியதும் எனக்குப் பெருமை வந்துவிட்டது. இதில் சாஸ் போட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். மலையிலிருந்து காந்தாரி மிளகாயும் இரண்டு படி வாங்கிச் சேர்த்து, பூண்டோடு உப்புத் தண்ணீரில் பத்து நாள் புளிக்கவைத்தேன். மிக்சியில் அரைத்து, கெட்டுப்போகாமல் இருக்க நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டுக் காய்ச்சி, வினிகர் ஊற்றினேன். தெருவே தும்மியது. எதிர்வீட்டு நாய் இரண்டு நாள் வேறு தெருவில் குடியிருந்தது.

வடிகட்டும்போதுதான் வந்தது வினை. விதை அடைத்துக்கொண்டு சல்லடையில் சொட்டுகூட இறங்கவில்லை. மெல்லிய துணி கேட்டேன்.

“என் துணில ஒண்ணத் தொட்டீக, அப்புறம் அந்தச் சாஸ நீங்களே குடிக்க வேண்டியிருக்கும்” என்றாள் வீட்டுக்காரி.

கொடியில் என் சேக்காளியின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. முந்தின நாள் மெட்டில் மழையில் நனைந்து வந்தவன் போட்டுவிட்டுப் போனது. நைந்து மெலிந்த, சிவப்புத் துண்டு. சிவப்பில் சிவப்பு தெரியாது என்று என் மூளை சொன்னது. என் மூளை அப்படித்தான், தேவையில்லாத இடத்தில் வேகமாக வேலை செய்யும். சாஸை ஊற்றி முறுக்கிப் பிழிந்தேன். அழகாக இறங்கியது. நாலு பாட்டில். அப்புறம் துண்டை சோப்புப் போட்டு மூன்று தடவை துவைத்தேன். முகர்ந்தால் சோப்பு வாசனைதான் வந்தது. எண்ணெய் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் சோப்புக்குக் கட்டுப்படாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் ஹாரன் அடித்தான். மடித்த துண்டைக் கொண்டுபோய் நீட்டினேன்.

“என்ன மாப்ளே, தொவச்சு வேற வச்சிருக்க? என் பொண்டாட்டிகூட இப்பிடி மடிக்க மாட்டா.”

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் துண்டில் சாஸ் வடிகட்டினேன்டா, வேறு துண்டு எடுத்துக்கொள் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? இரண்டு வசவு கிடைத்திருக்கும். ஆனால் அவன் பாராட்டிவிட்டான். பாராட்டை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? “சேக்காளிக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா?” என்று இளித்தேன். அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். ஜீப்புக்குள்ளிருந்து அந்த அக்கா, “அண்ணே, இன்னைக்கு யானை எங்க நிக்கிது?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

கால்மணி நேரம் கழித்துப் பல் விளக்கிக்கொண்டே வலது கண்ணைக் கசக்கினேன். துண்டை மடித்த கை.

எனக்குக் கண் போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். குழாயடியில் உருண்டேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடு, என் அக்காவுக்குச் சொல்லு, கடைச் சாவி சட்டைப் பையில் இருக்கிறது என்று வரிசையாக அலறினேன். வீட்டுக்காரி தயிரை எடுத்து அப்பினாள். “மிளகா பட்டதுக்கா இந்தக் கூத்து?” என்றாள். தயிர் வழிய நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. மூன்று தடவை துவைத்த துண்டை மடித்ததற்கே இந்தப் பாடு. அந்தத் துண்டு இப்போது வளைவு வளைவாக ஏறிக்கொண்டிருக்கிறது. அவன் ஒவ்வொரு வளைவிலும் முகம் துடைக்கிற ஆள். உள்ளே பன்னிரண்டு பேர்.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. இரண்டு தயிர்ப் பாக்கெட்டை மொபெட் பெட்டியில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கண்ணோடு கிளம்பினேன். எதிரே வந்த லாரிக்காரர்கள் நான் கண்ணடிப்பதாக நினைத்து ஹாரன் அடித்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். கீழே ஏதாவது தகரம் மின்னினால் நெஞ்சு நின்றது. ஒரு தடவை நின்றே விட்டேன். பார்த்தால் யாரோ போட்ட பிஸ்கட் டின். வேண்டாத தெய்வமில்லை. இனிப் பொய்யே சொல்வதில்லை என்றுகூட வேண்டிக்கொண்டேன். கேட்ட தெய்வங்களே சிரித்திருக்கும்.

நாலைந்து வளைவு ஏறியதும் போன் கிடைத்தது. அவன் போடிமெட்டில் வண்டியை நிறுத்தியிருந்தான். பெண்கள் டீக்கடைக்குள் இருந்தார்கள். அன்றைக்கு மேலே பனி, வியர்க்கவில்லை, அதனால் துண்டை அவன் இன்னும் தொடவே இல்லை. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

“மாப்ளே! அந்தத் துண்ட மூஞ்சில வைக்காத! தூக்கிப் போடு! மிளகாச் சாஸு வடிகட்டுன துண்டுடா!”

அந்தப் பக்கம் சிரிப்பு. “ஆனை போயி இப்ப துண்டா? சோலியப் பாருடா.”

“நெசமாடா! எங்காத்தா மேல சத்தியம்!”

“போன தடவையும் ஆத்தா மேலதான் பண்ணுன. இந்தா, நல்லா அழுத்தித் தொடைக்கிறேன், கேளு.”

கேட்டேன். முதலில் துணி உரசுகிற சத்தம். அப்புறம் ஒரு விநாடி ஒன்றும் இல்லை. அப்புறம் அவன் குரல், ஆனால் அவன் குரல் மாதிரி இல்லை. கண்ணாடி டம்ளர்கள் உடைந்தன. போன் கீழே விழுந்தது.

நான் போய்ச் சேர அரைமணி நேரம் ஆயிற்று. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கண்ணும் அந்த மிளகாய்ப் பழம் மாதிரியே வீங்கிச் சிவந்திருந்தன, மூக்கு ஒழுகியது, சட்டை முழுக்கத் தண்ணீர். கண் தெரியாமல் தள்ளாடியதில் டீக்கடை பெஞ்சைக் கவிழ்த்திருந்தான். பெண்கள் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது பார்த்தது அதைத்தான். சிவந்த கண், தள்ளாட்டம், கவிழ்ந்த பெஞ்சு. அவர்கள் வீடுகளில் பார்க்காத காட்சியா?

வேறொரு ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் அந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒற்றைக் கண்ணில் தயிர் காய்ந்திருக்க.

“அண்ணே, சேக்காளிக்குச் சாட்சி சொல்ல நீங்கதான் கெடச்சீகளா?”

“மோந்து பாருங்கக்கா, வாடையே இல்ல.”

“இப்ப வாடை இல்லாததும் விக்கிறானாம்ல.” அக்கா சிரிக்கவில்லை. “எங்களுக்குப் புள்ளகுட்டி இருக்குண்ணே. வண்டிய எடுப்பா.”

கல்லில் உட்கார்ந்திருந்தவன் தலையை நிமிர்த்தவே இல்லை. தயிரை அவன் கண்ணில் வைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். “வலது பக்கம் இன்னுங் கொஞ்சம் வையி” என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மத்தியானம் பார்வை தெளிந்ததும் மொபெட்டை டீக்கடையில் விட்டுவிட்டு ஜீப்பில் இறங்கினோம். எங்களுக்கு முன்பே செய்தி இறங்கியிருந்தது. அவன் மனைவி வாசற்படியில் நின்றது. நான் தங்கச்சி என்று கூப்பிடும் பெண். கத்தவில்லை. அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தது.

“நான் குடிக்கல” என்றான்.

அது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டது. உள்ளே போகத் திரும்பியது. நான் வாயைத் திறந்தேன்.

“அண்ணே, நீங்க பேசாதீக. ரெண்டு வருசம் நிம்மதியா இருந்தேன்.”

என்னிடம் வேறு வழி இருக்கவில்லை. பேச்சு செல்லாத ஆள் வேறு என்ன செய்வான்? சாட்சிக்கென்று நான் சுருட்டிக் கொண்டுவந்திருந்த துண்டை விரித்து, என் இரண்டு கண்ணையும் நன்றாக அழுத்தித் துடைத்தேன். அதற்கப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. கேட்டதைச் சொல்கிறேன். நான் அவர்கள் வாசலில் கிடந்து புரண்டேனாம். கோழிகள் தெறித்து ஓடினவாம். என்னை அந்த அசாம்காரரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கு மருந்து தெரியும் என்று கதறினேனாம். பக்கத்து வீட்டார் கைதட்டினார்களாம், நல்ல நடிப்பு என்று.

தங்கச்சி துண்டை எடுத்து நுனியை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறது. பிறகு உள்ளே ஓடி மோர் கொண்டு வந்தது. முதல் சொம்பு எனக்கில்லை, அவனுக்கு. அவன் கண்ணைக் கழுவிக்கொண்டே அது மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. “நீங்க சொல்லையிலயே நான் நம்பியிருக்கணும்.”

அவன் “விடு” என்றான். நான் செய்ததற்கு அவர்கள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தரையில் கிடந்தேன்.

அந்தப் பெண்கள் திரும்பி வரவில்லை. அந்த வருட ஏலக்காய் எடுப்பு முழுக்க வேறு ஜீப்பில்தான் போனார்கள். அவன் உர மூட்டை லோடு அடித்தான். வண்டியை இப்போதும் என் வீட்டுக்குப் பக்கத்தில்தான் நிறுத்துகிறான். புதிதாக வாங்கிய துண்டை மட்டும் ஜீப்புக் கண்ணாடியில் கட்டிக்கொள்கிறான், என் கொடியில் போடுவதில்லை. நான் செடிகளைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் குற்றத்தை மிளகாய் மேல் போட்ட மாதிரி ஆகிவிடும்.

காய் எடுப்பு முடிந்த வாரம் அந்த அக்கா ரேஷன் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தார். சாப்பாட்டு நேரம். மேசையில் என் டிபனும், பக்கத்தில் அந்தச் சாஸ் பாட்டிலும் இருந்தன. சிவப்பைப் பார்த்து, “இதானாக்கும் அது?” என்றார். நான் தடுப்பதற்குள் ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார்.

தண்ணீர் கொடுத்தேன், மோர் கொடுத்தேன். ஜெராக்ஸ் மிஷினைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கண்ணும் மூக்கும் ஒழுகின. முகம் அன்றைக்கு அவன் முகம் இருந்த மாதிரியே இருந்தது.

“நெசந்தானாண்ணே?” என்றார். “பாவம், அந்தத் தம்பி.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரே ஸ்டாண்டைப் பார்த்தார். “காயெல்லாம் எடுத்து முடிச்சாச்சே. அடுத்த காய்க்கு அவன் வண்டியிலயே வர்றோம்னு சொல்லுங்க.”

உடனே போன் போட்டேன். அவன் தேவாரம் ஊர்ப் பக்கம் லோடோடு போய்க்கொண்டிருந்தான். அக்கா சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். என் வாழ்நாளில் நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன ஒரே செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் அடங்கியது. வண்டியை ஓரமாக நிறுத்தினான் போல.

“மாப்ளே” என்றான், “அந்த அக்கா பக்கத்துல இருந்தா போன அவுககிட்டக் குடு.”