காசிமாயன் குடியிருந்த பதினோரு வீடுகள்

வீட்டுப் புரோக்கர் என்றாலே எனக்கு ஆகாது. விற்கிறவனிடம் ஒரு பேச்சு, வாங்குகிறவனிடம் ஒரு பேச்சு, டீச்செலவு மட்டும் நம் தலையில். வேலம்பாளையத்தில் ஒரே வரிசையாகப் பத்து லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டவன் நான். இருபது புரோக்கரையாவது வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டி அனுப்பியிருப்பேன். நான் திட்டாத ஒரே ஆள் காசிமாயன். அவன் கதையைச் சொல்லப் போனால் என் யோக்கியதையும் சேர்ந்து வெளியே வரும். வரட்டும், இத்தனை நாள் மூடி வைத்து என்ன கண்டேன்.

உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். பனியன் கம்பெனியில் அயர்ன் போட வந்தவன், முதுகு போய், புரோக்கர் ஆனான். பழைய டி.வி.எஸ். வண்டி ஒன்று, பின்னால் எப்போதும் மனைவி ஒச்சம்மாள். பிள்ளை இல்லை. மற்ற புரோக்கர்கள் எட்டிக்கூடப் பார்க்காத வீடுகளைத்தான் இவன் எடுப்பான். யாராவது அகாலமாகச் செத்த வீடுகள்.

அவன் முறை இதுதான். அந்த வீட்டுக்கு அவனே குடி போவான். பால் காய்ச்சி, பாய் விரித்து, புருஷனும் பெண்டாட்டியும் நாற்பத்தெட்டு நாள் இருப்பார்கள். வாசலில் கோலம் விழும், கொடியில் துணி காயும், மீன் குழம்பு தெருவுக்கே மணக்கும். தெரு ஜனம் பார்த்துக்கொண்டே இருக்கும். நாற்பத்தொன்பதாம் நாள் ஆளைக் கூட்டிவந்து சொல்வான்: "இதுல சாவு விழுந்தது நெசம்தேன். ஆனா கடைசியா குடியிருந்தது நானும் என் வீட்டுக்காரியும். எங்களுக்கு ஒண்ணும் ஆகலை, பாத்துக்கங்க." ஆள் அட்வான்ஸ் கொடுத்துவிடும்.

வீடு, மனை பற்றி அவனுக்கென்று ஓர் எண்ணம் இருந்தது. "வாங்க வர்றவன் செவுத்தத் தட்டிப் பாக்குறான், குழாயத் திருகிப் பாக்குறான். கடைசியா இருந்தவன் எப்படிப் போனான்னு கேக்குறது நூத்துல ஒருத்தன். அவன்தேன் வீடு வாங்கத் தெரிஞ்சவன்" என்பான். அந்த வருஷங்களில் ஊரைச் சுற்றிச் சோளக்காடெல்லாம் கல் நட்டு சைட் ஆகிக்கொண்டிருந்தது. காலையில் வாங்கியவன் சாயங்காலம் விற்றான். காசிமாயன் சிரிப்பான். "வெலை ஏறுதுங்கிறாய்ங்க. ஒரு வீட்டுலயும் விளக்கு எரியக் காணோம். ஆள் இல்லாத வீட்டுக்கு வெலை என்னண்ணே வெலை?"

ஒச்சம்மாளுக்கும் ஒரு முறை உண்டு. செத்தவர் பேர் தெரியாமல் உள்ளே கால் வைக்க மாட்டாள். பால் சொம்போடு படிக்கு வெளியே நின்று, பேர் சொல்லிக் கேட்பாள், "உன் வீட்டுல கொஞ்ச நாள் இருந்துக்கிறோம்யா, வரட்டுமா?" பிறகு அசையாமல் நிற்பாள். சற்று நேரத்தில் முகம் தெளியும். "சரின்னுட்டாரு" என்று வலது காலை எடுத்து வைப்பாள். நான் அதைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை.

என் மூன்றாம் நம்பர் வீட்டுக்கு வருகிறேன். இரண்டாயிரத்து நான்கு, ஐப்பசி மழை. அங்கே குடியிருந்த ஜெபக்குமார், சாத்தான்குளத்துப் பையன், பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். துணி எடுக்கப் போனவன் இரும்புக் கொடிக் கம்பியில் கரண்ட் அடித்து அங்கேயே போய்விட்டான். அந்தக் கம்பியைக் கட்டியது நான். கயிறு இற்றுப்போகிறது என்று மீட்டர் பெட்டியை ஒட்டி ஆணி அடித்து இழுத்துக் கட்டினேன். விசாரிக்க வந்தவர்களிடம் குடியிருந்தவன் கட்டியது என்று சொன்னேன்.

அவனை இழுக்க ஓடிய தங்கச்சியையும் கம்பி பிடித்துக்கொண்டது. நதியா. செக்கிங் வேலைக்கு ஊரிலிருந்து வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

ஒரே மாதத்தில் லைன் முழுக்கக் காலி. காசிமாயனைக் கூப்பிட்டேன். ஒச்சம்மாள் படியில் நின்றுகொண்டு, "யாரு போனதுண்ணே?" என்றாள்.

"ஜெபக்குமாருன்னு ஒரு பையனுங்க அம்மிணி."

"அவரு மட்டுந்தேனா?"

"ஆமாங்க, அவன் ஒருத்தன்தான்."

ஒரு சாவு என்றால் ஆள் வரும், இரண்டு என்றால் அந்த வீடே ஆகாது என்று பேராகிவிடும். அதற்குப் பயந்தேன். அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில்தானே செத்தாள், வீட்டிலா செத்தாள் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டேன். ஒச்சம்மாள் அன்று வெகு நேரம் நின்றாள். பால் ஆறிப்போனது. "அவரு சரின்னுட்டாரு" என்றவள், ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமலே உள்ளே போனாள்.

நாற்பத்தெட்டு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு ஆள் வந்தது, அடுத்தடுத்து லைனும் நிறைந்தது. எனக்கு நிம்மதி.

அதற்குப் பிறகும் இரண்டு வீடு இருந்தார்கள். மொத்தம் பதினொன்று. பிறகு நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒன்றேகால் சென்ட் வாங்கிக் காசிமாயன் சொந்தமாக வீடு கட்டினான். "இங்க யார்கிட்டயும் கேக்க வேணாம்டி, நேரா உள்ள போ" என்று கிரகப்பிரவேசத்தன்று அவன் சொல்ல, ஒச்சம்மாள் புதுச் சேலையில் சிரித்துக்கொண்டே போனாள். நானும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

எட்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் காசிமாயன் என் வீட்டுக்கு வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என் வீட்ட வித்துக் குடுங்கண்ணே."

"ஏனப்பா, புது ஊட்டையா? கிறுக்குப் புடிச்சுருச்சா உனக்கு? நீயே புரோக்கர், எங்கிட்ட வந்து சொல்றே?"

"என் வாயால என் வீட்ட விக்க வரலண்ணே." துண்டால் முகத்தைத் துடைத்தான். "அவ சோறு திங்க மாட்டேங்குறா. ஒரு தட்டு தனியா போட்டு வச்சுட்டு, 'உன் பேரு என்னத்தா, உன் பேரு என்னத்தா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. வேலம்பாளையத்துல இருந்தப்பயே லேசா இருந்துச்சு. மத்த வீட்டுல எல்லாம் ஆள் நடமாட்டம், சமாளிச்சுக்கிட்டா. சொந்த வீட்டுல சத்தமே இல்ல, முத்திப்போச்சு. பொம்பளப் புள்ளையாம். வாசல்லயே நிக்குதாம், கை பூரா கருகியிருக்காம்."

கருகிய கையை நானும் பார்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரிப் படுக்கையில். வீடு போனால் அவர்களுக்கு வேறு ஒன்றுமே இல்லை. நான் வாயைத் திறந்தால் போதும். அப்படியும் இரண்டு நாள் திறக்கவில்லை, பாருங்கள். மூன்றாம் நாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு நெருப்பெரிச்சல் போனேன்.

ஒச்சம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் சோறு காய்ந்திருந்தது.

"அம்மிணி, நான் பொய் சொல்லிட்டனுங்க. அன்னைக்குப் போனது ரெண்டு பேரு. அந்தப் பையனோட தங்கச்சியும்தான். பேரு நதியா."

உள்ளேயிருந்து காசிமாயன் வந்து நின்றான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "அன்னைக்கே கேட்டாளேண்ணே" என்றான், அவ்வளவுதான்.

ஒச்சம்மாள் கோபப்படவில்லை. "நதியாவா" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். நாலு வருஷம் தேடிய பேர். அவள் கண் நிறைந்துவிட்டது. எழுந்து, வாசலில் எனக்குப் பக்கத்தில் ஆளில்லாத இடத்தைப் பார்த்துப் பேசினாள். "நதியா, உன்னயக் கேக்காம உள்ள வந்துட்டேன்த்தா, மன்னிச்சுக்க. இது உன் வீடு இல்லம்மா. உங்க வீட்டு ஓனரு வந்துருக்காரு. அவரு கூடப் போ."

பிறகு என்னிடம் சொன்னாள்: "பையப் போங்கண்ணே. வண்டியில புள்ள உக்காந்திருக்கு."

வேலம்பாளையம் வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் ஒரு பள்ளத்திலும் வண்டியை வேகமாக இறக்கவில்லை.

காசிமாயன் வீட்டை விற்கவில்லை. ஒச்சம்மாள் இப்போது ஒரே தட்டில் சோறு போட்டுச் சாப்பிடுகிறாளாம். அவன் புரோக்கர் தொழிலை விட்டுவிட்டான். என்னைக் கண்டால் பேசுவதுமில்லை.

இந்த வருஷம் கம்பெனிகளில் ஆர்டர் இல்லை, லைனில் பாதி காலி, மூன்றாம் நம்பரும் காலி. அங்கே நாற்பத்தெட்டு நாள் இருக்கப் போகிறேன் என்றதும் என் மனைவி ரங்காத்தாள், "உங்க பாவத்த நீங்களே கழுவுங்க, என்னைய இழுக்காதீங்க" என்றுவிட்டாள். நியாயம்தான். நானே பால் சொம்பை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கு வெளியே நின்று, இரண்டு பேரையும் பேர் சொல்லிக் கேட்டேன். கம்பி கட்டியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

சாவி என் கையில்தான் இருக்கிறது. ஆறு நாளாக மாலையில் போய்க் கேட்டுவிட்டு, பால் ஆறும் வரை நின்றுவிட்டு, வாசலோடு திரும்பி வருகிறேன்.