அண்ணன் தன் பெயரில் எழுதாத வெற்றி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர், அண்ணனிடம் நேரில் கேட்கத் தயங்கி என்னிடம் கேட்டதுண்டு: "உங்க அண்ணன் சண்டையில பிளேனைச் சுட்டாரா, இல்லையா?" அண்ணன் இருந்தவரை சிரித்து மழுப்பிவிடுவேன். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், நடந்ததை நடந்தபடியே எழுதிவிட அப்பாவிடம் அனுமதி பெற்றிருக்கிறேன்.

அண்ணன் பிறந்ததும் வளர்ந்ததும் மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து, தியாகராய நகர்த் துணிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் படித்து முடித்ததும் வங்கி வேலைக்குப் போவான் என்று நம்பியிருந்தார். அண்ணனோ கல்லூரித் தோழர், சாந்தோமைச் சேர்ந்த வின்சென்ட்டுடன் போய் விமானப் படைக்குத் தேர்வெழுதிவிட்டு வந்தார். அப்பா இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாம் வேளை அண்ணனே சோறு பிசைந்து கொண்டுபோய் நீட்டினார். இத்தனை இளகிய பிள்ளை எப்படிப் போர் விமானம் ஓட்டப்போகிறான் என்று அம்மா கவலைப்பட்டார்.

எழுபத்தொன்றாம் ஆண்டு டிசம்பர்ப் போரில் இருவரும் ஒரே பிரிவில் ஜோடியாகப் பறந்தார்கள். ஒரு காலையில் எதிரி விமானம் ஒன்று எதிர்ப்பட்டது. முதலில் வின்சென்ட் சுட்டார். போன வேகத்தில் அதைத் தாண்டிச் சென்றுவிட்டார். பின்னால் வந்த அண்ணன் சுட்டார். அது தீப்பற்றி விழுந்தது. திரும்பும் வழியில் தரையிலிருந்து வந்த குண்டு வின்சென்ட்டின் விமானத்தைத் தாக்கியது. அவர் திரும்பவேயில்லை.

சாந்தோமில் அவர் வீட்டுக்குத் தந்தி போயிற்று. எங்கள் வீட்டுக்கு, அண்ணனின் படைத்தோழர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது: "உங்கள் மகன் ஒரு விமானத்தை வீழ்த்தினார்." அப்பா அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். தெருக்காரர்கள் பந்தல் போட்டுப் பாராட்டு விழா நடத்துவதென்று முடிவானது.

போர் முடிந்து அண்ணன் விடுப்பில் வந்தார். வாசலிலேயே, இஸ்திரி போடும் முனுசாமி பிடித்துக்கொண்டார். "இன்னா நைனா, பிளேனை சுட்டுத் தள்ளிட்டியாமே! தெருவே பேசிக்கினு கீது."

அண்ணன் அவர் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தார். பையை இறக்கி வைக்குமுன்பே, "பந்தல் வேணாம்ப்பா. அது நான் வீழ்த்தினது இல்ல" என்றார்.

"அப்புறம் கடுதாசில எப்படில எழுதுனான்?" என்றார் அப்பா.

"சுட்டேன்னு நாம சொன்னா மட்டும் ஒத்துக்க மாட்டாங்கப்பா. துப்பாக்கியோட ஒரு கேமரா இருக்கும். சுடறப்போ தானா படம் எடுக்கும். அதைப் போட்டுப் பார்ப்பாங்க. கூடப் பறந்தவன் சாட்சி சொல்லணும். கீழ விழுந்த உடைசலையும் தேடுவாங்க. எல்லாம் ஒத்து வந்தாத்தான் ஒருத்தன் பேர்ல எழுதுவாங்க. வின்சென்ட்டோட படம் அவனோடயே எரிஞ்சுபோச்சு. என் படத்துல, ஆரம்பத்துலயே அந்த விமானம் புகைஞ்சுக்கிட்டு ஒருபக்கமா சாய்ஞ்சு போகுது. அடிச்சது அவன். நான் செத்த பாம்பை அடிச்சேன். இதைச் சொல்ல நான் ஒருத்தன்தான் இருக்கேன். எழுதிக் கொடுத்துட்டேன்."

அப்பாவின் முகம் சிவந்தது. "அவன் போயிட்டாம்ல. நீ இருக்க. இருக்கிறவன் பேர்ல எழுதினா யாருக்கு என்ன நட்டம்?"

அண்ணன் பையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அப்பா நான்கு நாள் அவரோடு பேசவில்லை.

மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது நான் கேட்டேன், "உனக்கு வருத்தமே இல்லையாண்ணே?"

"ஆசை இல்லாம இல்லம்மா. அன்னிக்கு எல்லாரும் முதுகுல தட்டினப்போ நல்லாத்தான் இருந்துச்சு. நானும் வாயைத் திறக்கல. மறுநாள்தான் போய் எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு நாளை நெனைச்சாத்தான் கூச்சமா இருக்கு" என்றார்.

ஐந்தாம் நாள் அண்ணன் சாந்தோமுக்குப் புறப்பட்டார். அப்பாவும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு உடன் நடந்தார். நானும் போனேன். வின்சென்ட்டின் தாயார் கணவரை இழந்தவர், பள்ளி ஆசிரியை, வின்சென்ட் அவருக்கு ஒரே பிள்ளை. அண்ணன் அந்தக் காலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் அழாமல் கேட்டார். பிறகு அண்ணனின் கண்களையே பார்த்து, "எம்மேல இரக்கப்பட்டு அவன் பேரைச் சொல்லலியே, தம்பி?" என்றார்.

"இல்லம்மா. அவன் சுட்டதை நான் பார்த்தேன். நான் சொல்லலேன்னா அது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்."

அதன்பிறகுதான் அந்தத் தாய் அழுதார். அண்ணனின் கையை விடவேயில்லை.

திரும்பும்போது கச்சேரி சாலையில் ஓர் ஓட்டல் வாசலில் அப்பா நின்றார். "ஏல, ஒரு காபி குடிப்பமா?" என்றார். உள்ளே போய்த் தம் கையாலேயே காபியை ஆற்றி அண்ணன் முன் வைத்தார்.

பந்தல் போடத்தான் செய்தார்கள், வின்சென்ட்டின் படத்தை வைத்து. மைக்கில் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசி, அது தவறு என்று சொன்னவர் அப்பாவேதான். பல மாத விசாரணைக்குப் பிறகு வெற்றி வின்சென்ட் பெயரில் பதிவாயிற்று. அதற்கான பதக்கத்தை அவர் தாயார் டெல்லி சென்று பெற்றார். துணைக்குப் போனது அண்ணன்.

பிறகு சில ஆண்டுகள் அண்ணன் இளம் விமானிகளுக்குப் பயிற்சி அளித்தார். சிறுநீரகம் கெட்டு, பறக்கக் கூடாதென்றதும் வீடு வந்து சேர்ந்தார். படுத்த படுக்கையிலும் யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. சென்ற ஆண்டு ஒரு காலையில், அப்பா அவர் தலையைக் கோதிக்கொண்டிருந்தபோதே அமைதியானார்.

வீடு தேடி வந்து பார்த்த மருத்துவருக்கும், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அண்ணனை மாடியிலிருந்து தூக்கி இறக்கிய முனுசாமிக்கும், தொலைவிலிருந்து வந்து தோள் கொடுத்த படைத்தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.

வின்சென்ட்டின் தாயார் கடைசி இரண்டு மாதமும் பள்ளி விட்டதும் நேரே வந்து அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டினார். இம்மலரில் அவருக்கு நன்றி எழுத அவரது முழுப் பெயரைக் கேட்டேன். "புள்ளைக்குச் சோறு ஊட்டினதுக்கு நன்றியாம்மா?" என்று கோபித்துக்கொண்டார். ஆகவே அவருக்கு நன்றி கூறவில்லை. அண்ணனைப் பறிகொடுத்த உறவினர் பட்டியலில், அம்மாவின் பெயருக்கு அடுத்தபடியாக அவர் பெயரைச் சேர்த்திருக்கிறோம்.