நல்லவர்கள் வீட்டில் இருப்பதில்லை

நல்லது செய்கிறவர்களைத் தேடிப் போகிற வேலையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்பதுதான். வாசலிலேயே காத்திருந்து வரவேற்று, மிக்சரும் காப்பியும் வைத்து, ஆல்பத்தை நம் மடியில் போடுகிறவர் பெரும்பாலும் வேறு ரகம்.

திருவள்ளூரிலிருந்து வருகிற ஒரு சின்ன மாதப் பத்திரிகையில் ஊருக்கு உழைப்பவர்களைப் பற்றி ஒரு பக்கம் உண்டு. அதற்கு ஆள் தேடுவது என் வேலை. எம்.ஏ. வரை படித்திருக்கிறேன். ஆனாலும் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன் அந்தத் தெருவையே ஒரு சுற்றுச் சுற்றி வருகிற ஆள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையில் வைத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆசிரியர் மேடத்தின் நிபந்தனை ஒன்றே ஒன்று: முகம் தெரிகிற படம் வேண்டும். படம் இல்லையென்றால் பக்கம் இல்லை. பக்கம் இல்லையென்றால் நான் இல்லை. முன்பின் தெரியாத வாசல்களில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற விற்பனைப் பிரதிநிதிகள், கணக்கெடுப்புக்குப் போன டீச்சர்கள், கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போய் வீடு மாறி நுழைந்தவர்கள் எல்லாரும் நம் கட்சிதான். உங்களுக்குப் புரியும்.

டீக்கடை வந்தாச்சு

கும்மிடிப்பூண்டிக்கு உள்ளடங்கிய ஒரு சின்ன ஊரில், ஏரிக் கால்வாயைத் தனியாளாகத் தூர்வாருகிறவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் காலையிலேயே போய்ச் சேர்ந்தேன். வழக்கம்போல் அவர் வீட்டில் இல்லை. திரும்பிப் போக பஸ்ஸும் இல்லை. ஷேர் ஆட்டோக்கள் கம்பெனிக்குப் போகிறவர்களைப் பிதுங்கப் பிதுங்க ஏற்றிக்கொண்டு, கையைக் காட்டியும் நிற்காமல் போயின. பஸ் நிழற்குடையில் ஆடுகள் படுத்திருந்தன. பக்கத்தில் பள்ளிக்கூட யூனிபார்மில் ஐந்தாறு பெண்கள். அப்போது கம்பெனி பஸ் ஒன்று வந்து நின்றது. இரவு ஷிப்ட் ஆட்களை ஊர் ஊராக இறக்கிவிட்டுக் காலியாக ஷெட்டுக்குத் திரும்புகிற வண்டி. பெண்கள் சட்டென்று ஏறினார்கள். "நீயும் ஏறுக்கா, இத்த வுட்டா மத்தியானம்தான்" என்று பிளஸ் டூ படிக்கிற ரேவதி என்னையும் இழுத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் முருகேசன் அண்ணன், "டீக்கடை வந்தாச்சு!" என்று குரல் கொடுத்தார். அத்தனை பெண்களும் ஒரே வீச்சில் சீட்டுக்குக் கீழே குனிந்தார்கள். நானும் குனிந்தேன். அந்த டீக்கடையில்தான் பஸ் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் தினமும் உட்கார்ந்திருப்பாராம். வெளியாட்களை ஏற்றியது தெரிந்தால் அண்ணனுக்கு அன்றோடு வேலை போய்விடும். வண்டி நின்றால் இவர்களுக்குப் பள்ளிக்கூடமும் போய்விடும். சாயங்காலம் எப்படியாவது வந்துவிடலாம், காலையில்தான் வழி கிடையாது. போன வருஷம் நடந்தே போய்ப் பார்த்த பெண்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். ரேவதிக்கு மாப்பிள்ளைகூடத் தயாராக இருக்கிறார். இதையெல்லாம் அவள் குனிந்த நிலையிலேயே சொல்லிக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. மேடம்.

"ஏன் குசுகுசுன்னு பேசறே?"

"பஸ்ஸில் குனிஞ்சிட்டிருக்கேன் மேடம்."

கூச்சக்காரர்களுக்குப் பொய் சொல்ல வராது என்பார்கள். உண்மையில், யோசிக்க நேரம் கிடைக்காது. மேடம் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அட்டைப்படமே இதுதான்! டிரைவர், பின்னால அந்தப் பொண்ணுங்க. எடுத்துட்டு வா" என்ற மேடத்தின் குரல் போனைத் தாண்டி வெளியே கேட்டது. பள்ளிக்கூட வளைவில் இறங்கும்போது ரேவதி என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, எங்கள பத்தி நல்லா எழுதி எங்க கதைய முடிச்சுடாத."

துக்கம் விசாரித்தார்கள்

அந்த வண்டியைக் காப்பாற்ற ஒரே வழி, மேடத்துக்கு வேறொரு முகத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது. அன்று முதல் எனக்கு ஓர் இடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. பொன்னேரியில் பஸ் மாறிப் பழவேற்காட்டுக்கு ஓடினேன். அங்கே ஐஸ் பேக்டரி வைத்திருக்கும் பாய் ஒருவர், இறந்தவர்களைக் கிடத்தும் ஃப்ரீசர் பெட்டி வாங்கிவைத்து, எந்த மதத்துக்காரர் கேட்டாலும் சும்மாவே அனுப்புகிறார் என்று சொல்லியிருந்தார்கள். வாசலில் போய் நின்றேன். அமோனியா நெடியில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாயிலிருந்து வார்த்தை வரவில்லை.

பாய் எழுந்து வந்தார். "யாரும்மா, அத்தாவா?" இல்லை என்று தலையை ஆட்டினேன். "அம்மாவா?" அதற்கும் ஆட்டினேன். "சரி சரி, சொல்ல வேணாம்" என்று நாற்காலியைப் போட்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு டீயை வாயருகில் கொண்டுவந்தார். நான் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு 'பத்திரிகை' என்று சொல்வதற்குள் பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். டிரைவர் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

விஷயம் தெரிந்ததும் பாய் கோபப்படவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெட்டியை இறக்கச் சொன்னார். படம் என்றதும்தான் சிரிப்பு நின்றது. "வேணாம்மா. பெட்டி குடுக்கிறவன்னு என் மூஞ்சியப் போட்டுட்டா, சாவு ஊட்டுக்காரன் எங்கிட்ட வந்து நிக்கவே கூச்சப்படுவான். இப்பவே உன்ன மாதிரிதான் நிக்கிறாங்க."

நாலு தபா

ஊத்துக்கோட்டையில் ஒரு தலைவர் இருக்கிறார். அவரை நான் தேடவில்லை, அவரே போன் செய்தார். பந்தல், பிளெக்ஸ், மாலை, புடவை வழங்கும் விழா. முகம் வேண்டுமென்றால் பிளெக்ஸில் மட்டுமே பல முகங்கள், எல்லாம் அவருடையவை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இவரை வைத்துப் பக்கத்தை நிரப்பிவிட்டால் முருகேசன் அண்ணன் தப்பித்துவிடுவார்.

வரிசையில் முதலில் நின்ற அம்மா புடவையை வாங்கினார். தலைவர் கண்ணை மூடிவிட்டதாகப் போட்டோகிராபர் சொன்னார். புடவையைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுத்தார்கள். இந்தத் தடவை அந்த அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. அடுத்த தடவை அவர் சிரிக்கவில்லை. அதற்கும் அடுத்த தடவை புடவை நிறம் பிளெக்ஸோடு ஒட்டிப்போய்விட்டது என்று வேறு புடவை கொடுத்தார்கள். நல்ல நிறம் அந்த முதல் புடவைதான். படத்தை அங்கிருந்தே மேடத்துக்கு அனுப்பினேன். "இந்த முகம் போன மாசம்தான் நம்ம விளம்பரப் பக்கத்துல வந்துச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேற ஆள் வரலேன்னா, அந்த பஸ்தான்" என்று பதில் வந்தது.

பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையைப் பிரித்துப் புடவையைப் பார்த்தார். "நாலு தபா வாங்கினேன் கண்ணு, ஊட்டுக்கு ஒண்ணுதான் போவுது."

வேப்பஞ்சேலை

ஆடி ஞாயிறு. பெரியபாளையத்தில் கால் வைக்க இடமில்லை. வேண்டுதலுக்காக வேப்பிலையையே உடையாகக் கட்டிக்கொண்டு பெண்கள் கோயிலைச் சுற்றிவருவார்கள். குடும்பத்தோடு லாரியில் வருகிறவர்களுக்கு இலையைக் கட்டவும் களையவும் மறைவிடம் கிடைப்பதில்லை. தையல் கடை வைத்திருக்கும் மல்லிகா அக்கா பழைய புடவைகளை நீளமாகத் தைத்து, ஆடி முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்குத் தடுப்புப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இவர்தான் என் கடைசி நம்பிக்கை.

கண்டுபிடித்து அருகே போனேன். நான் யார் என்று சொல்வதற்கு முன்பே ஒரு புடவை முனை என் கைக்கு வந்துவிட்டது. "அப்பிடியே நில்லுமா. இன்னா, கை ஆடுது? நாஷ்டா துன்னியா இல்லியா?" ஒருத்தர் போனால் அடுத்தவர், அவர் போனால் அவர் மகள். வெயில் ஏறியது. தோள் விட்டுப்போயிற்று. கேமரா என் தோளிலிருந்து நழுவி முழங்கையில் தொங்கியது. ஓய்ந்த ஒரு நிமிஷத்தில் தைரியத்தைத் திரட்டி, "அக்கா, நீங்க இப்படி நிக்கிற மாதிரி ஒரு போட்டோ..." என்று ஆரம்பித்தேன்.

மல்லிகா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும் போட்டோ எடுக்கக் கூடாதுன்னுதானேமா இந்தத் துணியே கட்டறோம்? இன்னும் கொஞ்சம் ஒசத்திப் புடி."

முகம் தெரிகிறது

திங்கட்கிழமை காலை கேமராவோடு அதே நிழற்குடையில் நின்றேன். தோள் இன்னும் வலித்தது. கம்பெனி பஸ் வந்தது. பெண்கள் ஏறினார்கள். முருகேசன் அண்ணன் கண்ணாடி வழியாக என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான். ரேவதியும் படியில் ஒரு காலை வைத்தபடி அதையே பார்த்தாள். நான் கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். வண்டி போய்விட்டது. நான் ஏறவில்லை.

ஆடுகள் மட்டும் இருந்தன. ஊர்ப் பெயர் எழுதிய நிழற்குடை, அதற்குள் சாவகாசமாக இரண்டு ஆடுகள். அதைப் படம் எடுத்தேன். அடுத்த ஷேர் ஆட்டோவில் இடம் கிடைப்பதற்குள் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இந்த ஊருக்கு நிழற்குடை உண்டு, பலகை உண்டு, பஸ்ஸில் போக வேண்டிய பெண்கள் உண்டு, காலையில் பஸ் மட்டும் கிடையாது என்று. டிரைவர் பற்றி ஒரு வரி இல்லை.

மேடம் படித்தார். "டிரைவர் எங்கே?" என்றார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னேன்: "அவர் முகத்தைப் போட்டா அவர் வேலை போயிடும் மேடம், அந்தப் பொண்ணுங்க படிப்பும் போயிடும். வேணும்னா என்னை வேலையிலேர்ந்து எடுத்துடுங்க." நான் அவ்வளவு நீளமாகப் பேசி மேடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. மேடம் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லவங்க பக்கத்துல நல்லவங்களே இல்லை. சரி போ, ஆட்டுக்காவது முகம் நல்லாத் தெரியுது."

காலி வண்டி

அந்தப் பக்கத்தை ஊர்க்காரர்கள் கிழித்து, மனுவோடு சேர்த்துக் குத்தி, போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் கொண்டுபோயிருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்தபோது காலையில் ஒரு டவுன் பஸ் வர ஆரம்பித்தது. பார்க்க வேண்டும்போல் இருந்தது. போனேன். பெண்கள் அதில் உட்கார்ந்து போனார்கள், நானும் கூடப் போனேன். டீக்கடை வந்ததும் ரேவதி மட்டும் எழுந்து நின்று, கழுத்தை வெளியே நீட்டி, சூப்பர்வைசருக்கே டாட்டா காட்டினாள். அவர் யாரோ தெரிந்த பெண் என்று நினைத்துப் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

முருகேசன் அண்ணன் இப்போது வேறு ஊரில் வேறு வண்டி ஓட்டுகிறார். பெயர்களை மாற்றி எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அன்று அவர் இன்னும் அதே வண்டியில்தான் இருந்தார். பள்ளிக்கூட வளைவில் நான் இறங்கி நின்றபோது, டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் அவருடைய பஸ் வந்தது. கையைக் காட்டாமலே நிறுத்தினார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்து, அதற்கு எப்படி நெளிய வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே காலி சீட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். "நல்லதுதாம்மா செஞ்ச. ஆனா காலி வண்டி ஓட்டறது பேஜாரா கீது. டீக்கடை வந்தா என் வாயி இன்னமும் கொரல் குடுத்துக்கினுதான் கீது, குனியத்தான் ஆளு இல்ல."

என் சோதனைக் காலத்தை மறுபடியும் மூன்று மாதம் நீட்டியிருக்கிறார்கள்; இத்தனை அலைந்து நான் பக்கத்தில் முகம் தெரியப் படம் போட்ட இரண்டே இரண்டு ஜீவன்களும், பஸ் வர ஆரம்பித்த பிறகு, போய்ப் பார்த்தால் நிழற்குடையில் இல்லை.